துந்துபி வருஷத்துச் செல்லம்

கும்பகோணத்தில் ஒரு பழம்பொருள் கடை இருந்தது. அந்தக் கடைச் சாமான்களுக்கெல்லாம் ஒரே வியாதி. மனிதர்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள்; இவர்கள் கூட்டிச் சொல்வார்கள். போன வருஷம் உப்புமண்ணில் புதைத்துப் பச்சை பிடிக்க வைத்த குத்துவிளக்குகூட, "சோழர் காலத்துலேயே எனக்கு எண்ணெய் ஊத்தினாங்க" என்று கூசாமல் அளக்கும்.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. கடைக்காரர் குஞ்சிதபாதம் வைத்திருந்த சட்டம் அப்படி. நூறு வயது தாண்டியது கண்ணாடி அலமாரிக்கு. தாண்டாதது மூலையில் கிடக்கும் கோணிக்கு. கோணி நிறைந்தால் உருக்குப் பட்டறை. "பாவம், பேரீச்சம்பழத்துக்குப் போயிட்டான்" என்று மற்றவை உச்சுக் கொட்டும்.

அங்கே புதிதாக ஒரு வெற்றிலைச் செல்லம் வந்து சேர்ந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு என்று தனித்தனி அறை வைத்த பித்தளைப் பெட்டி. மூடியின் உட்புறம் செய்தவரின் முத்திரை இருந்தது. மேல் வரியில் 'சின்னையா'. கீழ் வரியில் 'துந்துபி வருஷம்'. பெயருக்கு ஏற்றபடி செல்லமாகவே வளர்ந்த பெட்டி. யாராவது ஒரு சொல் சொன்னால் தாங்காது.

சொல்வதற்கென்றே அங்கே ஒரு ஆள் இருந்தது. குஞ்சிதபாதத்துக்குத் தினமும் சாப்பாடு சுமந்து வரும் எவர்சில்வர் டிபன் கேரியர். அடுக்கு நாலு, வாய் எட்டு.

முதல் நாளே அது மூடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "சின்... அப்புறம் என்னய்யா இது? 'ன'வுக்கு யானை மாதிரி தும்பிக்கை முளைச்சிருக்கு! எழுத்துக்கூட்டத் தெரியாதவன் செஞ்ச பெட்டியா நீ?"

கடையே சிரித்தது. செல்லத்துக்கு மானம் போயிற்று. ஐப்பசி மழையின் ஈரத்தில், அறையில் காய்ந்து கிடந்த சுண்ணாம்பு கொஞ்சம் இளகியிருந்தது. செல்லம் மூடியை அதன் மேல் அழுத்தி அழுத்தி, மேல் வரி முழுவதையும் பூசி மறைத்தது.

மேஜை மேல் இருந்த பூதக்கண்ணாடிக்கு இது பொறுக்கவில்லை. "உன்னைப் பெத்தவன் பேரை நீயே சுண்ணாம்படிச்சு மூடுறியே, நியாயமா?"

"பிழையோட பேர் இருக்கறதுக்குப் பேரே இல்லாம இருந்துக்கறேன்" என்றது செல்லம்.

தை மாதத்தில் வத்சலகுமாரி வந்தாள். முத்திரை படித்து வயது சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வருஷத்துக்கு ஒரு முறை வந்து, கடையில் சேர்ந்ததையெல்லாம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். அன்று முதலில் குத்துவிளக்கை எடுத்து மோந்து பார்த்தாள். "உப்பு வாசனையே இன்னும் போகலியே" என்றாள். சோழர் காலம் நேரே கோணிக்குப் போயிற்று.

அடுத்தது செல்லம். அவள் பூதக்கண்ணாடியைப் பிடித்துப் படித்தாள். "துந்துபி வருஷம்."

குஞ்சிதபாதம் வாய்விட்டுச் சிரித்தார். "என் ஜாதகத்துலயும் அதானேம்மா போட்டிருக்கு! எம்பத்திரண்டுல பொறந்தவன் நான். அப்ப இதுக்கும் எனக்கும் ஒரே வயசு. இதைப் பழம்பொருள்னு சொன்னா என்னையும் அலமாரியில ஏத்தி வைக்கணும்!"

"அப்படிச் சொல்லிட முடியாது சார். தமிழ் வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வருது. எம்பத்திரண்டும் துந்துபி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டும் துந்துபி, அதுக்கு முன்னால ஆயிரத்து எண்ணூத்து அறுபத்திரண்டும் துந்துபிதான்."

"இது எந்தத் துந்துபி?"

அவள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்புக் கறை இருப்பது அதிசயமா என்ன? அதன் அடியில் ஒரு பெயர் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. "செஞ்சவர் பேர் இருந்தாச் சொல்லலாம். இல்லியே. சந்தேகமா இருக்கறதை நான் நூறுன்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப கோணிதான்" என்று குஞ்சிதபாதம் பெட்டியைத் தூக்கினார்.

செல்லத்துக்கு உயிரே போய்விட்டது. கோணியின் வாய் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. "இப்பவாவது வாயைத் திற!" என்று கத்தியது பூதக்கண்ணாடி.

"திறந்தா அந்தக் கேரியர் சிரிக்குமே!"

"சிரிப்புல உருகிப் போனவங்க யாருமில்ல. பட்டறையில உருகிப் போயிருக்காங்க!"

செல்லம் கண்ணை மூடிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மூடியைத் தூக்கி 'டமார்' என்று அடித்துக்கொண்டது. சுண்ணாம்பு பொல பொலவென்று குஞ்சிதபாதத்தின் வேட்டியில் உதிர்ந்தது. "என்னம்மா இது, பேய் புகுந்த பெட்டியா!" என்று அவர் பதறினார்.

வத்சலகுமாரி அதை வாங்கித் திறந்தாள். அடுத்த நொடி அவள் முகம் மலர்ந்தது. "ஐயோ, இந்த 'னை'யைப் பாருங்க! தும்பிக்கை வச்ச பழைய 'னை'. அந்தக் காலத்துல இப்படித்தான் எழுதுவாங்க. எழுபத்தெட்டுல எழுத்தை மாத்தினப்புறம் பள்ளிக்கூடம் போன நீங்களும் நானும் இதை எழுதவே இல்லை."

"அப்ப இது பிழை இல்லியா?"

"பிழையா? இதுதான் சாட்சி! இதே தும்பிக்கையோட இதே சின்னையாவை ஒரு தாம்பாளத்துல பார்த்திருக்கேன். அதுல பக்கத்துலயே இங்கிலீஷ் வருஷமும் வெட்டியிருந்தார், 1925ன்னு. அப்ப இது இருபத்திரண்டாம் வருஷத்துத் துந்துபி. நூறு தாண்டியாச்சு சார்."

அறுபத்திரண்டைச் சொல்லாமல் விட்டாளே, சுளையாக அறுபது வயது போயிற்றே என்று செல்லத்துக்கு ஒரு கணம் இருந்தது. வியாதி அவ்வளவு சீக்கிரம் விடுமா? ஆனால் அலமாரிக் கதவு திறந்ததும் அது மறந்துபோயிற்று. குஞ்சிதபாதம் அதை நடுத்தட்டில் வைத்தார். எல்லாரும் பார்க்கட்டும் என்று மூடியையும் திறந்தே வைத்தார். செல்லம் வெட்கப்படவில்லை. சந்தோஷமாக இருந்தது.

அன்று மதியம் குஞ்சிதபாதம் சாப்பிட்டுக் கைகழுவப் போன நேரம் பார்த்து, டிபன் கேரியர் மெல்லப் பூதக்கண்ணாடியின் பக்கம் நகர்ந்தது.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு அடியிலயாவது எங்கேயாவது ஒரு சின்னத் தும்பிக்கை இருக்கான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."