இரண்டு செம்புத் தண்ணீர்

தாமிரபரணிக் கரையில் ஒரு மடம் இருந்தது. பெரிய மடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு லிங்கம், பின்னால் ஓர் அடுப்படி, அவ்வளவுதான். ஆனால் பசி என்று யார் வந்து நின்றாலும் மதியம் இலை போட்டுவிடுவார்கள்.

மடத்தை நடத்தியவர் உலகம்மை. வயது நாற்பத்திரண்டு. காவியும் கிடையாது, ருத்திராட்சமும் கிடையாது. சாயம் போன ஒரு நூல் சேலைதான். கேட்டவர்களுக்குப் பதில் சொல்வார், கேட்காதவர்களுக்குச் சோறு போடுவார்.

அந்த அடுப்படிக்கு ஒரு சட்டம் உண்டு. சுவாமிக்குப் படைக்கும்வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. மோந்தும் பார்க்கக் கூடாது. படைத்த பிறகோ அது பிரசாதம். பிரசாதத்தைக் குறை சொல்லும் நாக்கு அந்தப் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. எப்படி இருந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுவார்கள், கையைக் கழுவுவார்கள், "அமிர்தமா இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டுத்தான் ஆவுடையப்பன் அங்கே வந்து சேர்ந்தார்.

அவர் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற தவசுப்பிள்ளை. வயது ஐம்பத்தெட்டு. ஒரு காலத்தில் அவருடைய தேதியைக் கேட்டுவிட்டுத்தான் ஜோசியரிடம் முகூர்த்தம் கேட்பார்கள். வாசலில் நின்றபடியே "உள்ள சாம்பார்ல உப்புப் பத்தலை" என்று வாசனையை வைத்துச் சொல்லுகிற மூக்கு அவருடையது. அப்படிப்பட்டவர் ஒரு மஞ்சள் பையோடு வந்து, "அடுப்படி வேலை இருந்தாக் குடுங்கம்மா, சம்பளம் வேண்டாம்" என்று நின்றார். ஏன், எதற்கு என்று உலகம்மை கேட்கவில்லை. கரண்டியை எடுத்துக் கொடுத்தார்.

ஆறு மாதம் ஓடிவிட்டது. பகலில் சமைப்பார். சாயங்காலம் மற்றவர்களோடு உட்கார்ந்து அம்மா பேசுவதைக் கேட்பார். தன்னைவிடப் பதினாறு வயது இளையவரை அம்மா என்று கூப்பிடுவதில் அவருக்குக் கூச்சமே இல்லை. அவரும் இவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். சில நாள் இவரும் ஒரு கேள்வி கேட்பார். எல்லா நாளும் அதே கேள்விதான்.

"போனது திரும்பி வருமா அம்மா?"

"எது போச்சு அண்ணாச்சி?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவா எதுவும் போறதில்லையே" என்பார் உலகம்மை. அதோடு பேச்சு நின்றுவிடும்.

இன்னொன்றையும் ஆவுடையப்பன் கவனித்திருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா இரண்டு செம்புத் தண்ணீர் குடிப்பார். ஒன்று அல்ல, இரண்டு. மூச்சு விடாமல் குடிப்பார். உடம்பில் பித்தம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இவர் பானையில் வெட்டிவேர் போட்டுவைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணைத் திறந்தார்கள். ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம். ஆவுடையப்பன் மட்டும் உருளிக்கு முன்னால் நின்று நிதானமாகக் கிண்டிக்கொண்டிருந்தார். விறகுப் புகைதான் என்று நினைத்திருந்தார்.

உலகம்மை உள்ளே வந்து அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துப் போட்டார். ஒரு மணையை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

"எவ்வளவு காலமா அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் கிண்டுவதை நிறுத்தினார். "என்னது அம்மா?"

"போன மாசம் சாமான் அறையில எலி செத்துக் கிடந்தது. ஒருத்தரும் கிட்டப் போக முடியலை. நீங்க அது பக்கத்துல உக்காந்து தேங்காய் துருவிக்கிட்டு இருந்தீய. எவ்வளவு காலமா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருசம் ஆகப்போகுது. ஒரு காய்ச்சல் வந்துது. காய்ச்சல் போச்சு, மூக்கையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டு. நாக்குல உப்பை வச்சாலும் ஒண்ணுதான், சீனியை வச்சாலும் ஒண்ணுதான்."

"யார்கிட்டச் சொன்னீய?"

"யார்கிட்டயும் சொல்லலை. மூக்குப் போன தவசுப்பிள்ளையை எவன் கூப்பிடுவான்?"

"வீட்டுல?"

அவர் உருளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் வீட்டுக்காரி பிரமு என் கூடவே வேலைக்கு வருவா. முப்பது வருசமா அடுப்புக்குச் சூடம் காட்டுறது அவதான். அவ காட்டினாத்தான் நான் பத்த வைப்பேன். அன்னைக்கு ஒரு கல்யாண மண்டபம். விடியக்காலம். கேஸ் டியூப்ல எங்கேயோ ஓட்டை. உள்ள பூரா கேஸ் நிறைஞ்சு கிடக்கு. நான் அதுக்குள்ள நின்னு கத்திரிக்காய் எண்ணுதேன். அவளுக்கு அன்னைக்கு நல்ல ஜலதோஷம். இருந்தா என்ன, உங்க மூக்குத்தான் இருக்கேன்னு சிரிச்சுக்கிட்டே வந்தா. வாசப்படியில நின்னு சூடத்தைப் பத்த வச்சா."

உலகம்மை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வலது கை. தோள்பட்டை வரைக்கும் வெந்துபோச்சு."

"நீங்க?"

"அப்பத்தான் கூடையை எடுத்துக்கிட்டுப் பின்வாசல்ல இறங்கியிருந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. அந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்க் கரைக்க?" அவர் மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "குடிச்சிட்டு நின்னிருப்பான்னு எல்லாரும் பேசினாங்க. ஆஸ்பத்திரியில கிடந்துக்கிட்டு அவளும் கேட்டா, குடிச்சிருந்தீயளான்னு. நான் ஆமான்னு தலையாட்டிட்டேன்."

"குடிச்சிருந்தீயளா?"

"வாழ்நாள்ல தொட்டதில்லை. ஆனா குடிகாரத் தவசுப்பிள்ளைக்கு நாளைக்கு வேலை கிடைக்கும் அம்மா. மூக்கில்லாதவனுக்குக் கிடைக்காது. அந்த நேரத்துலயும் எனக்கு அந்தப் புத்திதான் வந்துது. அவ வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கையைப் பாக்க முடியலை. ஒரு நாள் சொல்லாமக் கிளம்பி இங்கன வந்துட்டேன். அவ இப்போ பாலத்துக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டுல இருக்கான்னு கேள்வி."

தீய்ந்த பொங்கல் உருளியில் கறுத்துக் கிடந்தது.

"நான் ஒண்ணு சொல்லுதேன்" என்றார் உலகம்மை. "எனக்கு வீட்டுக்காரரும் ஒரு பையனும் இருந்தாங்க. இதே ஆத்துலதான், ஐப்பசி வெள்ளத்துல ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயிட்டாங்க."

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். ஆறு மாதத்தில் அம்மா தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை.

"காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க போனாங்க. மறுநாள் உலை வச்சேன். மூணு பேருக்கு வச்சிருக்கேன். அடுத்த நாளும் மூணு பேருக்குத்தான். கை கேக்க மாட்டேங்குது. ஒரு ஆளுக்கு அரிசி எடுத்தா நெஞ்சு அடைக்குது. மிஞ்சின சோத்தைப் பொழுது சாயுற நேரம் முந்தானைக்குள்ள மறைச்சுக் கொண்டுபோய் ஆத்துல கொட்டுவேன். பைத்தியம்னு சொல்லிருவாங்களேன்னு பயம். இப்படி மூணு மாசம்."

"அப்புறம்?"

"பக்கத்து வீட்டுப் பேச்சியம்மை பாத்துட்டா. அவளுக்கும் எனக்கும் வாய்க்கால் தண்ணிச் சண்டை. ஆறு வருசமாப் பேச்சு கிடையாது. யாரு கண்ணுல படக் கூடாதுன்னு நினைச்சேனோ அவ கண்ணுலயே பட்டேன். படித்துறையில நின்னு கேட்டா, ஏட்டி, ஆத்துல கொட்டுத சோத்தை எனக்குத் தந்தா என்ன, வயித்துக்குள்ள போகாதான்னு."

உலகம்மை சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்குத்தான் அண்ணாச்சி நான் முதல்முதலா வாய்விட்டு அழுதேன். மறுநாள் தட்டைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. அதுக்கடுத்த நாள் அவ கூட இன்னொருத்தி. இன்னைக்கு வரைக்கும் நான் ஒரு ஆளுக்கு உலை வச்சதே இல்லை."

ஆவுடையப்பன் கையைக் கூப்பினார். "உங்க துக்கத்துல உங்க தப்பு இல்லை அம்மா. என் கதை அப்படி இல்லையே. நான் பிரமு முன்னால எப்படிப் போய் நிப்பேன்? என்னன்னு சொல்லுவேன்?"

உலகம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அன்றைக்குப் படையல் முடிந்து பந்தியும் முடிந்ததும் ஒரு தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துவந்தார். அடியில் சோறு, அதன்மேல் இடிசாம்பார், ஓரத்தில் ஒரு கரண்டி அவியல். மூடியை அழுத்தி மூடி அவர் கையில் கொடுத்தார்.

"பாலத்தைத் தாண்டினா உங்க மச்சினன் வீடு. அவங்க அங்கதானே இருக்காங்க? இதைக் குடுத்துட்டு, சாப்பிட்டுட்டு என்ன சொன்னாங்கன்னு கேட்டுட்டு வாங்க."

"வேற என்ன சொல்லணும் அம்மா?"

"வேற எதுவும் வேண்டாம். பிரசாதம்னு மட்டும் சொல்லிராதீய."

பாலத்தில் ஆவுடையப்பன் மூன்று தடவை நின்றார். ஒரு தடவை திரும்பியும் நடந்தார். தூக்குச்சட்டியின் சூடு காலில் பட்டுக்கொண்டே இருந்தது. அம்மா கேட்டுவரச் சொன்னாரே என்பதற்காக மறுபடி திரும்பினார்.

பிரமு முன்னறையில் தனியாக இருந்தாள். வலது கை விரல்கள் மடங்கியபடியே இருந்தன. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, ஏசவுமில்லை.

"சாப்பிடு" என்று தூக்குச்சட்டியை வைத்தார்.

"யார் ஆக்கினது?"

"நான்தான்."

அவள் ஒரு ஸ்பூனை இடது கையில் எடுத்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். ஸ்பூனை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"உப்புக் கரிக்கு."

அவர் தூக்குச்சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"முப்பது வருசத்துல உங்க கைக்கு உப்புக் கூடினதே கிடையாதே. உங்களுக்கு என்ன செய்யுது? உடம்புக்கு என்ன?"

உடம்புக்கு என்ன என்று அவள் கேட்டதுதான் தாமதம், ஆவுடையப்பன் சின்னப் பிள்ளையைப் போல ஏங்கி ஏங்கி அழுதார். காய்ச்சலைச் சொன்னார். மூக்கைச் சொன்னார். கத்திரிக்காய் எண்ணிக்கொண்டு நின்றதைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும் சொன்னார்.

பிரமுவுக்குக் கோபம் அப்படியே பொங்கியது.

"குடிகாரன் பொண்டாட்டின்னு ஊர் பூராவும் பேரு வாங்கிக் குடுத்தீயளே! மூக்கு போச்சு பிரமுன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா? என் மூக்கு எதுக்கு இருக்கு? நான் மோந்து சொல்லியிருப்பேனே!"

கத்திவிட்டு விடுவிடென்று உள்ளே போனாள். போனவள் அப்படியே இருந்துவிடுவாள் என்று அவர் வாசலைப் பார்த்துத் திரும்பினார். ஆனால் வந்துவிட்டாள். இடது கையில் பெருங்காய டப்பா. அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது தெரியுதா?"

"இல்லை."

கறிவேப்பிலையைக் கசக்கிக் கொண்டுவந்தாள். "இது?"

"இல்லை பிரமு."

காப்பித்தூள் கொண்டுவந்தாள். அதுவும் இல்லை. கடைசியில் தன் தலையில் இருந்த பிச்சிப்பூவை எடுத்து நீட்டினாள். அவர் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். அப்போதுதான் பிரமுவும் அழுதாள்.

சற்றுநேரம் கழித்து, "கை அளவு மறந்துபோச்சா?" என்று கேட்டாள்.

"கை மறக்கலை. போட்டேனா இல்லையான்னு சந்தேகம். அதனால இன்னொரு கை அள்ளிப் போட்டிருவேன்."

"நாளைக்குக் காலையில வாரேன்" என்றாள் பிரமு. "ரெண்டாவது கை அள்ளும்போது பிடிச்சுக்கிடுதேன். அதுக்கு இந்த இடது கை போதும்."

ஆவுடையப்பன் மடத்துக்குத் திரும்பியபோது பொழுது சாயவில்லை. உலகம்மை படித்துறையில் உட்கார்ந்திருந்தார். காலி தூக்குச்சட்டியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு இவர் ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"உப்புக் கரிக்குன்னா."

"ஆமா."

ஆவுடையப்பன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அம்மாவின் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வெட்டிவேர் போட்ட பானை ஞாபகம் வந்தது.

"அம்மா, அந்த ரெண்டு செம்பு..."

"ஆமா."

"ஆறு மாசமாவா?"

"ஆறு மாசமாத்தான்."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "நாளைக்குப் பிரமு வாரா அம்மா. இனிமே சரியா இருக்கும். ஆனா முதல் நாளே கொஞ்சம் உப்பைக் குறைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லலை?"

உலகம்மை தூக்குச்சட்டியை எடுத்து ஆற்று நீரில் அலம்பினார்.

"நான் சொல்லியிருந்தா, அண்ணாச்சி, உப்பு மட்டும்தான் குறைஞ்சிருக்கும்."