மாடியில் போட்ட மாலை

சேந்தனூர்க் கடைவீதியில் நூறு வருஷத்துக் கட்டடம் ஒன்று இருந்தது. கீழே கடைகள், மேலே பூட்டிக் கிடந்த அறைகள். அவற்றைச் செப்பனிட்டுக் குடிவைத்தால் வீதிக்கே உயிர் வரும் என்பாள், வாசலில் பூ விற்ற மாரிக்கனி. நகராட்சித் தலைவர் தணிகாசலத்துக்கோ அதை இடித்து வணிக வளாகம் கட்ட ஆசை; மாடி ஆபத்தென்று இடிக்க உத்தரவும் போட்டிருந்தார்.

"மாடி நாலு பேரைத் தாங்காது. தாங்கும்னு நாளைக்குள்ள காட்டு, பார்ப்போம்!" என்று வீதியறியக் கேலி செய்தார்.

"விடியட்டுங்கய்யா," என்றாள் மாரிக்கனி.

விடிந்ததும் மேளம் முழங்க, ஆளுயர ரோஜா மாலையோடு மாரிக்கனியும் கடைவீதி வியாபாரிகளும் தணிகாசலம் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"நம்ம கடைவீதி மாடியில வச்சுப் போட்டாத்தாங்கய்யா வீதி முழுக்க உங்க முகம் தெரியும்," என்றாள் அவள்.

தலைவருக்கு உச்சி குளிர்ந்தது. உறுப்பினர்கள், மேளக்காரர்கள் புடைசூழ மாடியேறி, மாலையை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் முழங்கினார்.

மாரிக்கனி மைக்கை வாங்கினாள். "முப்பது பேர் நிக்கிறோம், ஒரு பொடி மண்ணு உதிரல. கட்டடம் உறுதியா, இல்ல தாங்காதுன்னு தெரிஞ்சேதான் எங்களைச் சாக மேல ஏறவிட்டீங்களாய்யா?"

கீழே வீதியே அண்ணாந்து பார்த்தது. தலைவர் கழுத்து மாலையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"உறுதிதான்," என்றார்.

இடிக்கும் உத்தரவு அன்றே ரத்தானது. தேக்கு ஜன்னல்களைப் பழுதுபார்த்து ஆறு குடும்பங்கள் குடியேறின. அந்தி சாய்ந்தாலே அடங்கிவிடும் வீதியில் இப்போது இட்லிக்கடைக்குக்கூட வரிசை நிற்கிறது.

முதல் அறை மாரிக்கனிக்கு. வீடு எங்கே என்று கேட்டால் நிமிர்ந்துகொண்டு சொல்வாள்: "ஊருக்கு நட்டநடுவுல!"