கெடாமல் வந்த மாவு

முசிறித் துறைக்குத் தெற்கே, ஒரு தென்னந்தோப்பில், ஏசுவை வணங்கும் முப்பது குடும்பங்கள் இருந்தன. வாரம் ஒருநாள் கூடி அப்பம் பிட்டுத் தின்பார்கள். பிசைந்த மாவில் ஒரு பிடியை எடுத்து ஜாடியில் வைப்பார்கள். அடுத்த வாரத்து மாவைப் புளிக்க வைப்பது அந்தப் பிடிதான். ஆண்டவர் பிட்ட அப்பத்திலிருந்தே அது கைமாறி வருவதாக அவர்கள் நம்பிக்கை.

அங்கிருந்த ஆசான் ஈசாக்கு ஆளனுப்பிக் கேட்டதால், பாரசீகக் கரையிலிருந்து அந்த ஜாடியை மடியில் வைத்துக் கொண்டு வந்தவன் சீடன் நாத்தான். நாற்பது நாள் கப்பல். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் கதையை அவன் சொல்லாத நாளில்லை. தோப்புக் காக்கைகளுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். ஆசானுக்கு வயதாகிவிட்டது, ஜாடி இனி தன் கைக்குத்தான் வரும் என்று நம்பியிருந்தான்.

ஆசான் அதைக் கொற்றனிடம் கொடுத்துவிட்டார்.

கொற்றன் இந்தக் கரைக்காரன், கள் இறக்கிப் பிழைத்தவன். ஞானஸ்நானம் பெற்று ஆறு ஆண்டுகூட ஆகவில்லை.

நாத்தானுக்கு வயிறு பற்றி எரிந்தது. கொற்றன் அந்த ஜாடியைத் துடைப்பதைப் பார்த்தாலே சோறு இறங்கவில்லை. அவன் நடை, சிரிப்பு, மரம் ஏறித் தழும்பேறிய கால், எல்லாமே குற்றமாகத் தெரிந்தன. கொற்றனோ இவனைக் கண்டால் எழுந்து நின்று, "வாங்க அண்ணே" என்பான். அதைக் கேட்டால் இன்னும் எரிந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. வரும் வழியில் ஒரு புயலில் ஜாடிக்குள் கடல்தண்ணீர் புகுந்துவிட்டது. கரை இறங்கியபோது மாவு செத்துக் கிடந்தது. மணலில் உட்கார்ந்து அழுத நாத்தானிடம் கள் இறக்குகிறவன் ஒருவன் வந்தான். ஜாடியை மோந்து பார்த்தான். புது மாவு கொஞ்சம் போட்டு, தன் குடுவையிலிருந்து கள்ளை ஊற்றினான். மறுநாள் மாவு பொங்கியிருந்தது. அவன்தான் கொற்றன். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நாத்தானும் சொல்லவில்லை.

ஜாடி கொற்றன் கைக்குப் போன நான்காம் நாள் நாத்தானுக்குப் பொறுக்கவில்லை. மாவு சலித்துக்கொண்டிருந்த ஆசான் முன் போய் நின்றான்.

"ஆசானே, என்னிடம் என்ன குறை கண்டீர்கள்?"

"உட்கார். சல்லடையின் அந்தப் பக்கத்தைப் பிடி."

பிடித்தான். "அவனுக்கு நம் வேதத்தில் நாலு வரி ஒழுங்காக வராது. கப்பலில் சுமந்தது நான்."

"போன வாரம் உன்னிடம் ஒன்று கேட்டேனே?"

"மாவு இந்தக் கரைக்கு எப்படி வந்தது என்று கேட்டீர்கள்."

"என்ன சொன்னாய்?"

"மடியில் சுமந்து, கெடாமல் கொண்டு வந்தேன் என்றேன்."

"அதையே கொற்றனிடமும் கேட்டேன்."

சல்லடை நின்றுவிட்டது. போட்டுக் கொடுத்துவிட்டான், அப்படித்தான் ஜாடியை வாங்கியிருக்கிறான் என்று நாத்தான் நினைத்தான். அப்போதும் அவனுக்கு வந்தது வெட்கமல்ல, ஆத்திரம்.

"என்ன சொன்னான்?"

"'நாத்தான் அண்ணன் மடியில் சுமந்து, கெடாமல் கொண்டு வந்தார்' என்றான்."

நாத்தானுக்கு மூச்சு வந்தது. கூடவே பழைய எரிச்சலும் வந்தது.

"இரண்டு பேரும் ஒன்றைத்தானே சொல்லியிருக்கிறோம் ஆசானே. அப்புறம் ஏன் அவன்?"

ஆசான் சல்லடையைத் தட்டித் தவிட்டை ஒதுக்கினார்.

"இந்தக் கரையில் நீ சுட்ட முதல் அப்பத்தை எனக்குத்தானே கொடுத்தாய்," என்றார். "அதில் கள் வாசம் அடித்தது."