தளவாய் போட்ட காப்பு

செங்கழனி சமஸ்தானத்து ராஜா மகுடபதி சீமையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வரவழைத்தார். மலை, காடு, கடற்கரை என்று நாள்கணக்கில் சுற்றுவதற்கென்றே செய்த பெரிய வண்டி. துணிமணி வைக்கப் பின்னால் இருபக்கமும் பெட்டிகள். ராஜாவுக்கு அதன்மேல் உயிர்.

வந்த மூன்றாம் நாள், குளக்கரைத் திருப்பத்தில் ராஜாவும் வண்டியும் சேர்ந்து விழுந்தார்கள். ராஜாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டிக்குப் பெட்டி நசுங்கி, சைலன்சர் கோணி, பின்விளக்கு தூள்.

"சாலை சரியில்லை" என்றார் ஒரு மந்திரி.

"சாலை நேராகத்தான் இருந்தது. மகாராஜா வருவதைப் பார்த்ததும் பயந்து திரும்பிவிட்டது" என்றார் இன்னொரு மந்திரி.

அந்த அவையில் பதவியில் இருக்க அவ்வளவு அறிவு போதும்.

ராஜாவின் கடிதங்களை எழுதும் பொன்னரங்கம் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார்: "மகாராஜா, இரண்டு சக்கர வண்டி என்றால் விழத்தான் செய்யும். விழுந்தாலும் பெட்டியில் அடிபடாமல் இருக்கப் பின்காப்பு போடலாம். பட்டறை இசக்கியம்மாள் அளவெடுத்துவிட்டாள். பக்கத்துக்கு ஒரு குழாய், பெட்டியைச் சுற்றி வளைத்து வண்டிச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கிவிடலாம். அகலம் ஹேண்டில்பாரைத் தாண்டாது."

தளவாய் ரணதீரர் கடகடவென்று சிரித்தார். ராஜாவின் மைத்துனர். சமஸ்தானப் படைக்கே தலைவர். அவர் பார்த்த ஒரே போர், வைக்கோற்போர்.

"ராஜா வண்டிக்குத் தண்ணீர்க் குழாயா? அத்தான், காப்பு விஷயத்தைப் படைத்தலைவனிடம் விடுங்கள். நான் போடுகிற காப்பைப் பார்த்து மலையே ஒதுங்கும்!"

'மலை ஒதுங்கும்' என்ற சொல் ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. தளவாய்க்கே உத்தரவானது.

இருபது நாள் அரண்மனைக்குள் இருந்த ஆயுதசாலையில் சம்மட்டிச் சத்தம். இருபத்தோராம் நாள் காப்பு பூட்டிய வண்டியை ஆறு பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். பழைய பீரங்கியை உருக்கிய இரும்பு. பக்கத்துக்கு இரண்டு முழம் வெளியே நீட்டியிருந்தது. நுனிகளில் சிங்கமுகம். ஒவ்வொரு சிங்கத்தின் வாயிலும் முன்னோக்கி ஓர் ஈட்டி. நடுவில் வண்டி எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அவை கை தட்டியது. பொன்னரங்கம் இருமினார்.

"என்ன?" என்றார் ராஜா.

"அகலம் கொஞ்சம்..."

"பொறாமை!" என்று கத்தினார் தளவாய். "தன் யோசனை எடுபடவில்லையே என்ற வயிற்றெரிச்சல், அத்தான்!"

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொன்னரங்கம், இந்தக் காப்பைப் பற்றி இனி ஒரு குறை உன் வாயிலிருந்து வரக்கூடாது. வந்தால் அன்றே நீ சமஸ்தானத்தை விட்டு வெளியே."

பொன்னரங்கம் மனதுக்குள் கணக்குப் போட்டார். இந்த இரும்போடு ராஜா மலைப்பாதையில் போனால் முதல் வளைவிலேயே பாறையில் மாட்டிப் பள்ளத்தில் கிடப்பார். சொன்னால் இவர் ஊரை விட்டுப் போவார். சொல்லாவிட்டால் ராஜா போவார். பொன்னரங்கம் தளவாயை ஒருமுறை பார்த்தார். பிறகு கை கூப்பினார்.

"குறையா? இப்படியொரு காப்பை நான் பார்த்ததே இல்லை, மகாராஜா. ஊரே பார்க்க வேண்டும். செய்தவரே முதலில் ஓட்டிக்கொண்டு வீதியுலா போவதுதான் முறை. தளவாயின் வீரத்தையும் ஜனங்கள் பார்த்த மாதிரி இருக்கும்."

தளவாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மீசையை முறுக்கிக்கொண்டு அப்போதே ஏறி உட்கார்ந்தார்.

அரண்மனைக்கு ஒரே வாசல். எதிரி யானை நுழையக்கூடாதென்று ராஜாவின் பாட்டனார் குறுக்கிக் கட்டியது. தளவாய் அதை நாற்பது வருஷமாகத் தினமும் பார்க்கிறார். ஆனால் பார்ப்பது வேறு, யோசிப்பது வேறு அல்லவா? எக்காளம் ஊதினார்கள். தளவாய் முழு வேகத்தில் கிளம்பினார்.

டமார்!

இரண்டு ஈட்டிகளும் இரண்டு பக்கத்து நிலைக்கட்டைகளில் ஒரு சாண் ஆழம் இறங்கிவிட்டன. வண்டி முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. தளவாய் மட்டும் பறந்துபோய் வெளியே நின்ற கத்தரிக்காய் வண்டியில் விழுந்தார். வெளியே போன முதலும் கடைசியுமான ஆள் அவர்தான். வாசல் முழுக்க இரும்பு. உள்ளே இருந்தவர் வெளியே போக முடியாது. சமையலுக்கு வந்த காய்கறி உள்ளே வர முடியாது.

ஆறு பேர் இழுத்தார்கள். பத்துப் பேர் இழுத்தார்கள். அசையவில்லை. உச்சிவெயிலில் பசியோடு வாசலுக்கு வந்தார் ராஜா. இரும்புக்கு அந்தப் பக்கம், மீசையில் கத்தரிக்காய்க் காம்போடு மைத்துனர்.

"என் அரண்மனையிலிருந்து நானே வெளியே போக முடியவில்லை. இது என்ன கூத்து?" என்று உறுமினார் ராஜா. "பொன்னரங்கம்! இப்போது என்ன சொல்கிறாய்?"

"குறை சொல்ல எனக்கு உத்தரவில்லை மகாராஜா. பாராட்டத்தான் முடியும். காப்பு போடுகிறேன் என்றார் தளவாய். சொன்ன சொல் தவறவில்லை. வண்டிக்குக் காப்பு போட்டார். வாசலுக்குப் போட்டார். உள்ளே இருக்கிற நம் எல்லோருக்கும் சேர்த்தே காப்பு போட்டுவிட்டார். இனி எந்தப் போலீஸ் கச்சேரியில் ஆஜராக வேண்டுமென்று சொன்னால், கைதிகளாக வரிசையில் நின்றுவிடுகிறோம்!"

ராஜா தன் இரு மணிக்கட்டையும் பார்த்தார். வாசல் இரும்பைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததால் அவையும் சிரித்தது. கை தட்டிய அதே ஆட்கள்தான்.

இசக்கியம்மாள் வந்து வெளியிலிருந்தபடியே போல்ட்டுகளைக் கழற்றி வண்டியை விடுவித்தாள். மறுவாரம் அவள் வளைத்த குழாய்கள் வண்டியில் ஏறின. ராஜா வேண்டுமென்றே வண்டியைச் சாய்த்துப் போட்டுப் பார்த்தார். குழாயில் ஒரு கோடு விழுந்தது. பெட்டியில் ஒன்றுமில்லை. அவளை அரண்மனை வண்டிகள் அனைத்துக்கும் பொறுப்பாக நியமித்தார். தளவாயை, தான் மலைக்குப் போய்த் திரும்பி வரும்வரை வாசல் நிலைக்கட்டைகளுக்கு மராமத்து பார்க்கச் சொன்னார்.

"பொன்னரங்கம், உனக்கும் ஒரு வெகுமதி" என்றார். "மலைப் பயணத்தில் என் பின் சீட்டு உனக்குத்தான்!"

பொன்னரங்கம் பதறிப்போய் இசக்கியம்மாள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, அந்தக் குழாயில் இன்னும் மிச்சம் இருக்கிறதா? எனக்கும் அளவெடுத்துவிடு."