பட்டியலில் பாக்கி இருந்தவர்

போதகர் வரவில்லை, மழையும் விடவில்லை. கல்லறைக் குழி வெட்டிய யோவேலிடம் விதவை எப்சிபா, "நீங்களே ஜெபம் பண்ணிருங்கண்ணே" என்றாள்.

இறந்தவரின் அண்ணன் துரைசிங் மார்மன் சபை மூப்பர். அவர் தடுத்தார். "வேதத்துல வர்ற பழைய ஆசாரியன் மெல்கிசேதேக்கின் ஆசாரியத்துவம் உள்ளவன்தான் கல்லறையைப் பிரதிஷ்டை பண்ணலாம். உனக்கு யாருப்பா தலையில கைவச்சு அதைக் கொடுத்தா?" தனக்குக் கைவைத்தவர், அவருக்குக் கைவைத்தவர் என்று ஒரு தாளிலிருந்து நீளமான பட்டியலை வாசித்தார்.

"இதுல யாருய்யா உயிரோட இருக்கா?" என்றான் யோவேல்.

"எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு. நான்தான் பாக்கி."

"சாகிற ஆசாரியன்தான் அடுத்தவன்கிட்ட கொடுத்துட்டுப் போகணும். மெல்கிசேதேக்கின் முறைமையில வந்த இயேசு என்னைக்கும் உயிரோட இருக்கார், அதனால அது கைமாறாதுன்னு பைபிள்ல எபிரெயர் நிருபத்துல இருக்கே."

துரைசிங் நனைந்த தாளை மடித்தார்.

யோவேல் மண்வெட்டியைக் கீழே வைத்தான். "உங்க முறை வர்றப்பவும் கூப்பிடச் சொல்லுங்கய்யா. வந்து ஜெபம் பண்றேன்."