மிளகு புடைத்தவள் மயில் கட்டிய கதை

காற்று கப்பலை நடத்தியது, கப்பல் ஊரை நடத்தியது. அப்படி ஒரு காலம். அந்தக் காலத்தில் ஓடக்கரைப்பட்டினம் என்றொரு துறைமுகம் இருந்தது. அங்கே ஆதிச்செட்டியார் என்றொரு மிளகு வியாபாரி இருந்தார். பெரியவர்களும் கேட்கலாம், பிள்ளைகளும் கேட்கலாம். கதை எல்லாருக்கும் பொதுதான்.

செட்டியாரின் கிடங்கில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். இருளப்பன் மூட்டை தூக்குவான். ஒரே மூச்சில் இரண்டு மூட்டை. தாணுமாலயன் நிறுப்பான். அவன் பிடித்த தராசில் முள் தடுமாறி யாரும் பார்த்ததில்லை. உலகாயி முறத்தில் மிளகு புடைப்பாள். தூசி ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம், நல்ல மணி ஒரு பக்கம் என்று தானாகப் பிரிந்து விழும்.

ஆண்கள் இருவருக்கும் கவலை என்பதே கிடையாது. அவர்கள் பங்கையும் சேர்த்து உலகாயியே கவலைப்பட்டாள். மழை பெய்தால் மிளகு நனைந்துவிடுமோ என்பாள். வெயில் அடித்தால் மணி சுருங்கிவிடுமோ என்பாள். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் இருந்தால், இதென்ன கெட்ட காலம் என்பாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு பெண் குழந்தைகள், கிடங்கை ஒட்டிச் செட்டியார் ஒதுக்கிக் கொடுத்த ஓர் அறை, நாள்தோறும் அளக்கும் அரிசி. அவளுக்கு இருந்தது அவ்வளவுதான்.

ஒரு புரட்டாசி மாதம் கப்பல் தலைவன் வந்தான். மூட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மேற்கே மிளகு மலைபோலக் குவிந்து கிடக்கிறது, இனி ஒரு மணியும் வேண்டாம் என்றான். வேறு எதைத்தான் கேட்பார்கள் என்று செட்டியார் விசாரித்தார். அது தனக்கும் தெரியாது, தீவுச் சந்தையில் கேட்டுக்கொண்டு தை பிறந்ததும் வருகிறேன் என்று சொல்லிப் பாய் விரித்துவிட்டான்.

செட்டியார் மூவரையும் கூப்பிட்டு மறைக்காமல் சொன்னார். தை வரைக்கும் மூவருக்கும் அரிசி உண்டு. அதன் பிறகு, கப்பல் கேட்கிற வேலையை யார் செய்து காட்டுகிறாரோ அவருக்கு மட்டும் இடம். யாராலும் முடியாவிட்டால் கிடங்கைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விடுவார்.

இருளப்பன் சோம்பல் முறித்தான். எந்தச் சரக்கானாலும் தூக்கத்தானே வேண்டும்? தாணுமாலயன் ஒரு சோசியரிடம் போனான். சந்தனக்கட்டை என்றார் அவர். உடனே சந்தனம் நிறுக்கத் தோதாகச் சின்னத் தராசு ஒன்று செய்துகொண்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டான்.

உலகாயிக்குச் சோறு இறங்கவில்லை. பஞ்சு என்றார் ஒருவர், முத்து என்றார் ஒருவர், தந்தம் என்றார் ஒருவர். யாரை நம்புவது? உட்கார்ந்த இடத்தில் கவலை அவளைப் பிடுங்கித் தின்றது. கை சும்மா இருப்பதால்தான் மனசு இந்த ஆட்டம் ஆடுகிறது என்று எழுந்து போனாள்.

ஐப்பசியில் கயிறு திரிக்கிறவர்களிடம் போனாள். இடத்தைக் கூட்டிப் பெருக்கிக் கொடுக்கிறேன், எனக்கும் சொல்லித்தாருங்கள் என்றாள். அவள் திரித்த கயிறு பசுமாட்டு வால்போல நுனியில் பிரிந்து தொங்கியது. கார்த்திகையில் சாயம் போடுகிறவர்களிடம் போனாள். துணியைவிட அவள் கையில்தான் நீலம் நன்றாகப் பிடித்தது. மார்கழியில் ஓடம் கட்டுகிறவர்களிடம் போனாள். உளியைத் தலைகீழாகப் பிடித்து ஒரு நல்ல பலகையைப் பாழாக்கினாள்.

“அக்கா, கப்பல்காரன் நீலக் கை வேண்டுமென்று கேட்டால் உன்னையே ஏற்றி அனுப்பிவிடலாம்,” என்றான் இருளப்பன்.

கிடங்கே சிரித்தது. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் இதைக் கவனியுங்கள்: கயிறு திரிக்கிற இடத்தில் முதல் கேள்வி கேட்க அவளுக்கு மூன்று நாள் ஆயிற்று, அவ்வளவு கூச்சம். சாயப் பட்டறையில் அரை நாள் ஆயிற்று. ஓடம் கட்டுகிற இடத்தில் வாசலில் கால் வைக்கும்போதே கேட்டுவிட்டாள். பலகையைப் பாழாக்கிய பிறகு, முதலில் கழிவுத் துண்டில் செய்து பார்க்கவும் பழகிக்கொண்டாள்.

தை பிறந்தது. கப்பலும் வந்தது. கடற்கரையில் ஊரே கூடியது.

“நாற்பது மயில்,” என்றான் கப்பல் தலைவன். “உயிரோடு வேண்டும். தோகையோடு வேண்டும்.”

முப்பது நாள் கடலில் ஆடிப்போகிற கப்பலில் மயிலை எப்படி வைப்பது என்று கூட்டம் கேட்டது. மூன்று நாள் நிற்பேன், அதற்குள் ஒரே ஒரு மயிலையாவது சரியாகக் கட்டிக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த துறைக்குப் போய்விடுவேன் என்றான் அவன்.

செட்டியார் ஆள் அனுப்பினார். மலையடிவாரத்திலிருந்து இரவோடு இரவாக ஒரு வேடனும் அவன் பெண்டாட்டியும் மூன்று மயில்களோடு வந்தார்கள். ஒருவருக்கு ஒரு நாள், ஒருவருக்கு ஒரு மயில் என்று முடிவாயிற்று.

முதல் நாள் இருளப்பன். மயிலை அலாக்காகத் தூக்கிச் சாக்குக்குள் போட்டான். அது அவன் மூக்கைப் பதம் பார்த்தது. சாயங்காலம் சாக்கை அவிழ்த்தபோது தோகை, தேய்ந்த விளக்குமாறுபோல இருந்தது.

இரண்டாம் நாள் தாணுமாலயன். அவன் ஒழுங்குக்காரன். காலைக் கட்டினான், சிறகைக் கட்டினான், தோகையை அளவெடுத்து மூன்றாக மடித்தும் கட்டினான். பார்க்க அழகான பொட்டலம்தான். ஆனால் மயில் தீனி எடுக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, அவிழ்த்துவிட்டால் நிற்கவும் இல்லை. தோகை மூன்று இடத்தில் முறிந்திருந்தது.

வேடன் பெண்டாட்டி இரண்டு நாளும் அங்கேயேதான் நின்றாள். இருவரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள் உலகாயி. அறையும் அரிசியும் இன்றோடு போகுமோ என்ற கவலை விடவில்லை. இருந்தும் நேராக வேடன் பெண்டாட்டியிடம் போனாள்.

“எனக்கு மயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது, தாயி. நீ இதை மலையிலிருந்து எப்படிக் கொண்டுவந்தாய்?”

“இப்போதுதான் ஓர் ஆளுக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது,” என்றாள் அவள். “கண்ணை மூடினால் மயில் அடங்கிவிடும். தோகையை மடக்கக் கூடாது, அது நீளுகிறபடி நீள விடவேண்டும். ஆனால் நாங்கள் கையில் ஏந்திக்கொண்டு வந்தோம். கப்பலில் வைக்கிற வித்தை எனக்கும் தெரியாது அக்கா.”

“அப்படியானால் இரண்டு பேருமாகத் தேடலாம், வா.”

மயிலை அவர்கள் தொடவில்லை. பக்கத்து வீட்டுச் சேவலை இரவல் வாங்கினார்கள். இரண்டு பக்கமும் திறந்த நீளக் கூடைக்குள் அதை உட்கார வைத்து, வாலைத் துணியால் சுற்றினார்கள், கசங்கியது. வைக்கோலால் சுற்றினார்கள், நழுவியது. கடைசியில் கொல்லையில் கிடந்த காய்ந்த வாழைப்பட்டை உலகாயியின் கண்ணில் பட்டது. நீளமாக, ஓடம்போல வளைந்து, உள்ளே வழுவழுப்பாக இருந்தது. சேவல் வால் அதற்குள் ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. அதன் பிறகுதான் மயிலை எடுத்தார்கள். கண்ணுக்கு ஒரு சின்னத் துணி, தோகைக்கு வாழைப்பட்டை, இரண்டு இடத்தில் தளர்வான கட்டு. கூடைக்குள் வைத்ததும் கண்ணை அவிழ்த்துவிட்டார்கள்.

சாயங்காலம் கப்பல் தலைவன் வந்தான். கூடையைத் தூக்கி அலைபோல ஒரு முறை ஆட்டினான், இரண்டு முறை ஆட்டினான், மூன்று முறை ஆட்டினான். பிறகு கட்டை அவிழ்த்தான். மயில் வெளியே வந்து, உடம்பை ஒரு உதறு உதறி, தரையில் கிடந்த தானியத்தைக் கொத்தத் தொடங்கியது. தோகையில் ஒரு கண்கூட நலுங்கவில்லை. மற்ற மயில்கள் மலையிலிருந்து வரும்வரை நிற்கிறேன், நாற்பதையும் இப்படியே கட்டுங்கள் என்று சொல்லிவிட்டான்.

இடம் உனக்குத்தான் என்றார் செட்டியார். இருளப்பன் தன் துணிமணியை மூட்டை கட்டப் போனான். உலகாயி தடுத்தாள். நாற்பது கூடையை நான் ஒருத்தி தூக்க முடியுமா, நாற்பது மயிலுக்குத் தீனி அளக்க ஆள் வேண்டாமா, இந்த வேடப் பெண் இல்லாமல் ஒரு கூடையாவது நகருமா என்று செட்டியாரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கற்றுக்கொள்கிறவர்கள் இருக்கட்டும் என்றார் அவர்.

மறுநாள் காலையில் இருளப்பன் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். தாணுமாலயன் மட்டும் வாசலிலேயே வெகுநேரம் நின்றான். கடைசியில் உள்ளே வந்தான்.

“எனக்கு இது தெரியவில்லை அக்கா. காட்டு,” என்றான்.

“முந்தாநாள் எனக்கும் தெரியாது,” என்று சொல்லி, உலகாயி நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

நாளை எந்த வேலை வரும் என்று யாராலும் அறிய முடியாது, ஆனால் தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்டுக் கற்கப் பழகியவரை எந்தப் புது வேலையும் வாசலில் நிறுத்தி வைக்காது.