வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாரிஸ்

கொட்டாறுப்பேட்டைப் பேரூராட்சி அறிவுக்குப் பெயர்பெற்றது. அந்தப் பெயரை அதற்குக் கொடுத்ததும் அந்தப் பேரூராட்சிதான். ஏகமனதாக நிறைவேறிய பதினேழாவது தீர்மானம். மன்றத்தில் ஐந்து பேர். தலைவர் தில்லைக்கண்ணு, துணைத்தலைவர் மாசிலாமணி, உறுப்பினர் கோதண்டபாணி, அப்புறம் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் பெற்றவர்கள் பெயர் வைத்துத்தான் இருக்கிறார்கள். ஆனால் "வழிமொழிகிறேன்" என்பதற்கு மேல் அவர்கள் வாய் திறந்ததில்லை என்பதால் ஊரில் யாருக்கும் அந்தப் பெயர்கள் தேவைப்படவில்லை.

ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு வாய்க்கால் ஓடுகிறது. இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், கடைத்தெரு, பேரூராட்சி அலுவலகம். அந்தப் பக்கம் அக்கரைத் தெரு. நடுவில் இடுப்பளவுத் தண்ணீர். அக்கரைத் தெருவில் ரவிக்கை தைக்கும் பவுனம்மாள், தைத்த துணியை மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் அந்தத் தண்ணீரில் இறங்கி வருவாள். போன வருடம் கால் வழுக்கி, ஒரு கல்யாணத்துக்குத் தைத்த பதினோரு ரவிக்கைகள் மிதந்து போயின. மணப்பெண் பழைய ரவிக்கையோடு மணவறையில் உட்கார்ந்தாள். அதிலிருந்து பவுனம்மாளிடம் துணி கொடுக்க ஊர் யோசிக்கிறது. பாலம் வந்தால் அவளுடைய தையல் மிஷின் ஓடும். வராவிட்டால் மிஷினை மூடிப் போட்டுவிட்டுக் களையெடுக்கப் போக வேண்டியதுதான். ஆறு வருடத்தில் ஆறு மகஜர் கொடுத்தாள். ஆறுக்கும் ஒரே பதில்: "பரிசீலனையில் உள்ளது."

ஏழாவது மகஜரை அவள் நேராக மாவட்டப் பொறியாளரிடம் கொண்டுபோனாள். அவர் புது ஆள்; படித்துப் பார்த்துவிட்டார். பேரூராட்சிக்கு ஒரு கடிதம் எழுதினார்: "பாலம் கட்டுவதற்கு முன் உறுப்பினர்கள் நல்ல பாலம் ஒன்றை நேரில் பார்த்து அறிக்கை அனுப்பவும்."

அவர் மனதில் இருந்தது பக்கத்து ஊர்ப் பாலம். சைக்கிளில் போனால் அரை மணி நேரம். மன்றம் கூடியது.

"பக்கத்து ஊர்ப் பாலத்தைப் பாத்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டார் மாசிலாமணி.

தலைவர் வெகுநேரம் யோசித்தார். "அந்தப் பாலத்தை நாம இருபது வருஷமா பாக்கறோம். பாத்து ஒரு தடவையாவது நமக்குப் பாலம் கட்டணும்னு தோணிச்சா?"

"தோணலை."

"அப்ப அது நல்ல பாலம் இல்லை."

இந்த வாதம் குறிப்பேட்டில் ஏறியது. நல்ல பாலம் எங்கே இருக்கிறது என்று ஐவரும் அண்ணாந்து யோசித்தபோது, உரக்கடைக்காரர் கொடுத்த காலண்டர் கண்ணில் பட்டது. அதில் ஒரு ஆறு, ஆற்றின் மேல் அடுக்கடுக்காகப் பாலங்கள், கரையில் ஒரு பெரிய இரும்புக் கோபுரம். கீழே பாரிஸ் என்று போட்டிருந்தது. பாலம் பார்க்க மூன்று நாள் பாரிஸ் போவதென்று தீர்மானம் நிறைவேறியது. பாலத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோபுரத்தைப் பார்க்காமல் வந்தால் அந்த ஊர்க்காரர்கள் மனம் புண்படும் என்று கோதண்டபாணி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வழிமொழிந்தார்கள். வாய்க்காலில் ஒரு பலகை போட ஆறு வருடம் யோசித்த மன்றம், கண்டம் தாண்ட ஒரு மணி நேரத்தில் முடிவெடுத்தது. மக்கள் பணி என்று வந்துவிட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது.

பயண ஏஜென்ட் சேவியர் பாஸ்போர்ட், விசா எல்லாம் முடித்துக் கொடுத்தார். கூடவே அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தார். "இதுல இருக்கறபடி செஞ்சா போதும், தலைவரே. ஒரு சிக்கலும் வராது." அந்த மனிதர் செய்த ஒரே தவறு அதுதான்.

தாளில், அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடும், போகுமுன்பே அந்த நேரத்துக்குப் பழகிக்கொள்ளவும் என்று இருந்தது. அன்றே அலுவலகக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள். பத்தரைக்குத் திறக்க வேண்டிய அலுவலகம் இரண்டு மணிக்குத் திறந்தது. ஊரில் ஒருவர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

பெட்டியை எக்காரணம் கொண்டும் தனியே விடாதீர்கள் என்று இருந்தது. ஐவரும் பெட்டியோடு மன்றத்துக்கு வந்தார்கள், பெட்டியோடு முடிவெட்டிக்கொண்டார்கள், ஒரு சாவு வீட்டில் பெட்டியோடு வரிசையில் நின்று மாலை போட்டார்கள். இறந்தவருடைய மகன் அவர்கள் தங்க வந்திருக்கிறார்கள் என்று பயந்து, வீட்டில் இடமில்லை என்று அழுகையின் நடுவே சொல்லிவிட்டான்.

குளிருக்குக் கம்பளி அணியவும் என்று இருந்தது. எப்போது, எங்கே என்று இல்லை. கத்திரி வெயிலில் ஐந்து கம்பளிக் குல்லாய்கள் கடைத்தெருவில் நடமாடின.

பாஸ்போர்ட்டை எந்நேரமும் சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்திருக்கவும், நனையவிட வேண்டாம் என்று இருந்தது. மாசிலாமணி பதினெட்டு நாள் குளிக்கவில்லை. மற்ற நால்வரும் அதை வழிமொழிந்தார்கள்.

கடைசியில் இருந்ததுதான் முக்கியமானது: மூன்று நாளில் எதை எப்போது பார்ப்பது என்று திட்டமிட்டு, ஊரிலேயே ஒருமுறை நடந்து ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள், திட்டத்தை நடுவில் மாற்ற வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விமான நிலையம் போக வேன் வருவதாக ஏற்பாடு. அதனால் ஒத்திகையைப் புதன், வியாழன், வெள்ளி என்று வைத்தார்கள். காலண்டரை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய்ப் படத்தையும் ஊரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். படத்தில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் கோபுரம். அக்கரைத் தெருவிலும் ஒரு செல்போன் கோபுரம் நின்றது.

"அந்தப் பக்கம் பாரிஸ்," என்றார் தலைவர்.

"ஆனா பாரிஸ்ல பாலம் இருக்கே," என்றார் கோதண்டபாணி. "பாலம் இல்லாத ஒத்திகை, ஒத்திகையா?"

நியாயமான கேள்வி. அலுவலகத்துக்குப் பின்னால் ஆறு வருடமாகச் சிமெண்டுக் கம்பங்கள் சும்மா கிடந்தன. அவற்றை ஆள் வைத்துத் தூக்கி வாய்க்காலின் குறுக்கே போட்டு, மேலே பலகை அடித்தார்கள். காலையில் தொடங்கிய வேலை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. ஆறு மகஜருக்கு வராத பாலம் ஒரு காலண்டருக்கு வந்தது.

பவுனம்மாள் வந்து பார்த்தாள். பலகையில் ஒரு கால் வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். தலையில் சுமையில்லாமல், சேலை நனையாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்க்காலைக் கடந்தாள். பாதியில் நின்று கீழே ஓடும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

இந்தக் கரையில் கோதண்டபாணி பெட்டியோடு மறித்தார். அது வெளிநாடு, விசா இல்லாமல் வரக்கூடாது என்றார்.

"நான் அந்தப் பக்கத்துக்காரி," என்றாள் பவுனம்மாள். "நீங்கதானே எங்க ஊரப் பாக்க வர்றீங்க? விசாவ நீங்கதான் எங்கிட்ட வாங்கணும்."

ஐவரும் ஒதுங்கிப் போய்க் கலந்து பேசினார்கள். சட்டப்படி அந்தப் பெண் சொல்வதே சரி என்று முடிவாயிற்று. வரிசையாக வந்து நின்றார்கள். அவள் தையல் சாக்குக் கட்டியை எடுத்து, ஒவ்வொருவர் சட்டை முதுகிலும் ஒரு பெருக்கல் குறி போட்டாள். "மூணே நாளு. அதுக்கு மேல தங்கக்கூடாது, சொல்லிட்டேன்." தலைவர் நெகிழ்ந்துபோய்க் கும்பிட்டார். வெளிநாட்டு அதிகாரிகள் இவ்வளவு சுலபமாக வேலையை முடித்துக் கொடுப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

புதன்கிழமை செல்போன் கோபுரத்தை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார்கள். வியாழக்கிழமை பவுனம்மாள் வீட்டுச் சுவரில் பழைய தேர்தல் சமயத்தில் வரைந்த கட்சித் தலைவர்களின் முகங்களை ஓவியக்கூடம் என்று கருதிக் கைகட்டி நின்று பார்த்தார்கள். அவள் கொடுத்த கேழ்வரகுக் கூழை, அந்த ஊர் உணவு நம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற விவாதத்துக்குப் பின் குடித்தார்கள். ஒத்துக்கொண்டது.

அந்த இரண்டு நாளில் பவுனம்மாளுக்கு இருபது ரவிக்கை வந்தது. பாலம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, போன வருட மணப்பெண்ணின் தாயாரே இளைய மகள் கல்யாணத்துக்குத் துணி கொடுத்தனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாவட்டப் பொறியாளர் அந்த வழியாக ஜீப்பில் வந்தார். பாலத்தைப் பார்த்து இறங்கினார். எதிர்க்கரையில் பெட்டிகளோடும் குல்லாய்களோடும் நின்ற மன்றத்தைப் பார்த்துக் கைதட்டினார். "கட்டியே முடிச்சிட்டீங்களா! இனி எதுக்குப் பயணம்? பாலம் இருக்கற வரைக்கும் பயணத்துக்கு அனுமதி கிடையாது." பாராட்டிவிட்டுப் போய்விட்டார்.

கோபுரத்தின் அடியில் அவசரக் கூட்டம் கூடியது.

"பாலம் பாக்கப் போறது எதுக்கு?" என்று தொடங்கினார் தலைவர்.

"பாலம் கட்டறதுக்கு."

"பாலம் இருந்தா போக முடியாது. போகாட்டி பாலம் கட்ட முடியாது. அப்ப, நாம பாலம் கட்டறதுக்கு இப்ப இடைஞ்சலா இருக்கறது எது?"

ஐந்து பேரும் திரும்பிப் பாலத்தைப் பார்த்தார்கள்.

பவுனம்மாள் ஓடிவந்து பலகையின் மேல் நின்றுகொண்டாள். "தலைவரே, நாளைக்குப் பத்து ரவிக்கை கொடுக்கணும். உங்களுக்குப் பாரிஸ் வேணும்னா போங்க. இது இங்கயே கெடக்கட்டும். இது உங்கள என்ன செஞ்சிச்சு?"

தலைவர் அவளிடம் பொறுமையாக விளக்கினார். எல்லாம் அவளுக்காகத்தான். பாலம் வர வேண்டுமென்று அவள் மனதார விரும்பினால் இந்தப் பாலத்தை எடுக்க விட வேண்டும். மாசிலாமணி அவளைக் கையைப் பிடிக்காத குறையாக இறக்கிவிட்டார்.

ஆற அமர யோசிக்கிறவர்களாக இருந்தால் முதலில் இந்தக் கரைக்கு வந்துவிட்டுப் பாலத்தை எடுத்திருப்பார்கள். ஆனால் திட்டப்படி வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை பாரிசில் இருக்க வேண்டும். திட்டத்தை நடுவில் மாற்றக்கூடாது. ஆகவே அந்தக் கரையில் நின்றுகொண்டே, பெட்டியை ஒரு கையிலும் கடப்பாரையை மறு கையிலும் பிடித்து, பலகைகளைப் பெயர்த்து நீரோடு விட்டார்கள். கம்பங்களை நெம்பி வாய்க்காலுக்குள் தள்ளினார்கள். சிமெண்டுக் கம்பங்கள் சேற்றில் புதைந்தன. ஐவரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

சரியாக ஐந்து மணிக்கு எதிர்க்கரையில் வேன் வந்து ஹாரன் அடித்தது.

தண்ணீர் இடுப்பளவு. பாஸ்போர்ட் உள்பாக்கெட்டில். கால் வழுக்கினால் பாஸ்போர்ட் நனையும்; நனையக்கூடாது.

பவுனம்மாள் அன்றைக்குக் கொடுக்க வேண்டிய துணியைப் பழையபடி தலையில் ஏற்றிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, தண்ணீரில் இறங்கினாள். நடுவில் நின்று திரும்பிச் சொன்னாள்: "தலையில வச்சிக்கிட்டு எறங்குங்க. நான் வரலையா?"

கோதண்டபாணி தாளை எடுத்து மறுபடி படித்தார். உள்பாக்கெட் என்றுதான் இருந்தது. தலை என்று எங்கும் இல்லை.

வேன் ஒரு மணி நேரம் நின்றது. பிறகு டிரைவர் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். வாய்க்கால் சத்தத்தில் அது ஐவர் காதிலும் விழாமல் போனது அவர்கள் அதிர்ஷ்டம்.

திரும்பி வந்த பவுனம்மாள் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு, ஐவரும் கரையில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் ஏழாவது மகஜரின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தாள். இந்தக் கரையில் வாழும் ஏழை எளிய மக்களாகிய நாங்கள் என்று அது தொடங்கியது. படித்தபோது மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு கஷ்டப்படுகிறோமா என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஐவரும் கையெழுத்துப் போட்டுத் தலைவரிடம் கொடுத்தார்கள். மன்றத்தில் ஐவரும் அங்கேயே இருந்ததால் உடனே கூட்டம் கூடி மகஜரைப் பரிசீலித்தது. பதில், மகஜரின் பின்பக்கத்திலேயே எழுதப்பட்டது: "பரிசீலனையில் உள்ளது."

படித்ததும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். பவுனம்மாள் வீட்டுக் கொட்டகையில் பழைய போராட்டத்து அட்டைகள் இருந்தன. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தார்கள். பேரூராட்சி ஒழிக என்ற கோஷத்தில் தலைவருடைய குரல்தான் ஓங்கி ஒலித்தது. வழிமொழிகிற இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வேறு வார்த்தை பேசினார்கள். இருவருமே தலைவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள்.

மக்களின் கோபம் எல்லை மீறுவதைக் கண்டு தலைவர் எழுந்தார். அட்டையைக் கீழே வைத்தார். மணலில் குச்சியால் ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆறே மாதத்தில் பாலம் கட்டித் தருவதாக மன்றத்தின் சார்பில் உறுதி கொடுத்தார். போராட்டத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டார்.

கூட்டத்தில் சலசலப்பு. கைவிடலாமா என்று மாசிலாமணி கேட்டார்.

தலைவர் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, அட்டையைத் தூக்கிக்கொண்டு, மற்றவர்களோடு நெருங்கி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்த ஆள எனக்கு நல்லாத் தெரியும். அவன் பேச்ச நம்பி எழுந்து போக நாம என்ன முட்டாளா?"